நாதஸ்வரம் காதைக் குத்தினால் ட்வீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 20 வருஷத்துக்கு முந்தைய டூ-வே ஸ்பீக்கர் ஜோடி: பேஸுக்கு ஆறரை இன்ச் பேப்பர் கோன் வூஃபர், மேல்சுரத்துக்கு (ட்ரெபிளுக்கு) ஒரு இன்ச் டோம் ட்வீட்டர், பின்பக்கம் போர்ட் (காற்று வந்துபோகும் துளை). கூடம் 11 அடிக்கு 16 அடி. நீளச் சுவரை ஒட்டி, இடது பெட்டி மூலையிலும் வலது பெட்டி முற்றத்தின் ஓரத்திலும் இருக்கின்றன. நாதஸ்வரம் காதைக் குத்துகிறது, தவிலின் தொப்பி (கனத்த ஒலி தரும் முகம்) இடது பக்கம் கும்மென்று இழுக்கிறது. கும்பகோணத்துக் கடைக்காரர் ட்வீட்டர் இரண்டையும் மாற்றி, தடிமனான ஒயரும் போடச் சொல்கிறாராம். பெட்டிக்குள் இலவம்பஞ்சு அடைக்கலாமா என்பது இன்னொரு கேள்வி.

ட்வீட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். எந்த வேலையானாலும் முதலில் ஒரே ஒரு பெட்டியில் செய்யுங்கள், மற்றது அப்படியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துவிட்டால் முன்பு எப்படிக் கேட்டது என்பதை நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும், காதின் நினைவு சில நிமிஷம்கூட நிற்காது. தொடாத பெட்டிதான் உங்கள் அளவுகோல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) மோனோவில், அதாவது இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலி போகும்படி போட்டு, பேலன்ஸ் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேளுங்கள். சத்தம் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

சரி, முதலில் காசு செலவில்லாத சோதனை. இடது பெட்டியையும் வலது பெட்டியையும் இடம் மாற்றி வையுங்கள். அந்த ‘கும்’ இன்னமும் மூலையிலேயே இருந்தால் குறை அறையில், பெட்டியோடு கூடவே வலது பக்கம் போனால் பெட்டியில். உங்கள் விஷயத்தில் மூலையிலேயே இருக்கும் என்பது என் கணிப்பு. தரை, பின்சுவர், பக்கச் சுவர் மூன்றும் சேரும் இடம் பேஸை ஏற்றிவிடும், முற்றத்துப் பக்கம் திறந்திருப்பதால் அங்கே அந்த உதவி கிடைக்காது. அதோடு, ஸ்பீக்கர் இருக்கிற சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே 11 அடி, அதாவது சுமார் 3.35 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர், அதை இந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 52 ஹெர்ட்ஸ் வருகிறது. 52-லும் அதன் இரட்டிப்பான 104-லும் அந்த அறை தானே முழங்கும். நீங்கள் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டால் அது உச்சத்தில் இருக்கும். நாற்காலியை இரண்டு மூன்று அடி முன்னே இழுங்கள், இடது பெட்டியைப் பக்கச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளுங்கள், போர்ட் பின்னால் இருப்பதால் பின்சுவரிலிருந்தும் ஒரு அடியாவது விடுங்கள். சிவப்பு சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் மேல்சுரத்தை அப்படியே திருப்பி அடிப்பவை, கனமான ஜமக்காளம் ஒன்றை முன்னால் விரியுங்கள். கோரைப்பாய் மெல்லியது, அதனால் பெரிய பலன் இருக்காது.

இப்போது அந்தக் குத்தலுக்கு வருவோம். இந்த வயதுப் பெட்டிகளில் கிராஸ்ஓவர் பலகையில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான்) பெரும்பாலும் நான்-போலார், அதாவது பிளஸ் மைனஸ் பேதமில்லாத, எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள்தான் இருக்கும், வருஷக்கணக்கில் அவை உள்ளே காய்ந்துபோகும். ட்வீட்டருக்குத் தொடராக இருக்கும் கண்டன்சர் காய்ந்தால் மேல்சுரம் குறையுமே தவிர ஏறாது. ஆனால் வூஃபருக்கு இணையாக ஒரு கண்டன்சர் இருக்குமே, அது காய்ந்தால் வூஃபருக்குப் போகும் மேல் அலைவரிசையை வெட்டுவது தளர்ந்துபோகும். பேப்பர் கோன் தன் எல்லைக்கு மேலே போய் நொறுங்கி அதிர ஆரம்பிக்கும், நாதஸ்வரம்போல மேல்சுரம் நிறைந்த வாத்தியத்தில்தான் அது முதலில் தெரியும். கேட்பவர் ட்வீட்டர்மேல் பழி போடுவார்.

இதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஒரு பெட்டியில் ட்வீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி, அதன் இடத்தில் 8 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். (வெறுமனே கழற்றிவிட்டால் சில கிராஸ்ஓவர்களில் மின்தடை மிகவும் கீழே இறங்கி ஆம்பைப் பாதிக்கும், அதனால்தான் ரெசிஸ்டர்.) குறைந்த சத்தத்தில் நாதஸ்வரம் போடுங்கள். வூஃபர் மட்டும் பாடினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக இருக்க வேண்டும். இன்னமும் குத்தினால் குறை அந்த வூஃபர் பக்கத்தில்.

அப்படியானால் பலகையில் இருக்கும் கண்டன்சர்களை அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், 100 வோல்ட் அல்லது அதற்கு மேல், கட்டாயம் நான்-போலார் வகையில் மாற்றுங்கள். ட்வீட்டர் பக்கத்துக்கு பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை நல்லது, அது காய்ந்துபோகாது. மாற்றிய பிறகு மேல்சுரம் தூக்கலாகத் தோன்றினால், ட்வீட்டருக்குத் தொடராக 1.5 ஓம் ரெசிஸ்டர், அதற்கு அப்புறம் ட்வீட்டருக்கு இணையாக 33 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். 8 ஓம் ட்வீட்டரானால் ஏறக்குறைய 2 டெசிபல் இறங்கும், கிராஸ்ஓவருக்குத் தெரியும் மொத்த மின்தடையோ 8 ஓமுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தொடர் ரெசிஸ்டரை மட்டும் போட்டால் கிராஸ்ஓவர் ஒலியை வெட்டும் புள்ளியும் நகர்ந்துவிடும்.

ஆனால் நாதஸ்வரம் மென்மையாகும்வரை இறக்கிக்கொண்டே போகாதீர்கள். கோயில் வீதியில் வாசிப்பதற்கென்றே இருக்கும் வாத்தியம் அது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து, திருவாவடுதுறைச் சீவாளி (ஊதும் நாணல் நாக்கு) பொருத்தி ஊதும்போது வரும் அந்த உரசல், ஸ்பீக்கரின் ஒலியிலும் இருக்கத்தான் வேண்டும். தம்புரா ஸ்ருதியைப் போட்டுக் கேளுங்கள், தந்தியின் மேல்சுரங்கள் தனித்தனியாகக் கேட்டும் காது சோர்ந்துபோகாவிட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். தவிலில் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பஞ்சு விஷயம். போர்ட் உள்ள பெட்டியை அடைத்தால் போர்ட் செய்யும் வேலையே நின்று பேஸ் வற்றிவிடும். உள்சுவர்களில் ஒரு இன்ச் கனத்துக்கு ஒட்டினால் போதும், போர்ட்டின் வாயைத் திறந்தே விடுங்கள். இலவம்பஞ்சு எளிதில் நீர் குடிக்காது, ஆனால் அதன் இழை பறந்து வூஃபரின் பின்பக்கம் ஒட்டும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சே மேல். இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் சுருட்டி அந்த இடது மூலையில் நிறுத்திப் பாருங்கள், அங்கே அதற்கு வேலை உண்டு.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே வூஃபரின் ஓர வளையத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஃபோம் வளையம் நம் ஈரக் காற்றில் பொடிந்துபோகும், ரப்பர் தாங்கும். பொடிந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், வூஃபர் முழுவதையும் எறிய வேண்டாம். அட்டைப்பலகைப் பெட்டியின் அடி உப்பியிருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே பசை பூசி அடைத்துவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு 1.5 வோல்ட் செல்லை வூஃபர் முனையில் ஒரு கணம் தொடுங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும், இரண்டு பெட்டியிலும் ஒன்றுபோல. ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

ஒயர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். 4 மீட்டர் ஓடினால் போக வர மொத்தத் தடை 0.06 ஓம்தான். கடைக்காரரிடம் ட்வீட்டருக்குப் பதிலாக அந்தக் கண்டன்சர்களைக் கேளுங்கள், பழையதைக் கையோடு எடுத்துப் போனால் மதிப்பு தவறாது.