காளவாய்க்குச் சிமெண்டு பூசலாமா?

கீழக்கரைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தென்னந்தோப்பில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காளவாய் ஒன்று நிற்கிறது. இடிக்க மனமில்லை. மேலிருந்து கீழாக மூன்று வெடிப்பு. சிமெண்டு பூசிவிட்டால் நூறு வருஷம் நிற்கும் என்கிறார் கொத்தனார். பூசலாமா?"

வேண்டாம். கொத்தனார் வீட்டுக் கணக்கில் சொல்கிறார். காளவாய் வீடில்லை, அடுப்பு.

கிளிஞ்சல் சுண்ணாம்பாக வேகச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் தேறும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். கிளிஞ்சல் ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு என்று நிரப்பிக் கொளுத்தும்போது செங்கல் விரியும், ஆறினால் சுருங்கும். களிமண் சாந்து அதற்கு நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால்தான் உட்சுவரை மண் வைத்துக் கட்டினார்கள். அப்படியும் நெட்டுக்கு வெடிக்கும். உங்கள் மூன்று வெடிப்பும் அநேகமாகக் காளவாய் எரிந்த நாளிலேயே வந்தவை. சந்தேகமிருந்தால் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனையிலும் எம்சீல் ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையவில்லை என்றால் கவலையை விடுங்கள்.

இந்தக் கரையில் உண்மையான எதிரி உப்பு. தரையிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர் மண்சாந்து வழியாக மூச்சுவிட்டுக் காய்கிறது. சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். உப்பு உள்ளேயே பூத்துச் செங்கலைப் பொரித்துவிடும். இப்படிப் பூசிய ஒரு காளவாயை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வழுவழுவென்று இருந்தது. தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம். பூச்சு ஒரு பலகையாகக் கழன்று வந்தபோது, பின்னாலிருந்த செங்கல் மாவாகக் கொட்டியது.

செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். வெளிப்பக்கம் சாந்து போன இடங்களில் மட்டும் ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்துச் சந்து அடையுங்கள். கடல் மணல் கூடவே கூடாது. பொங்கல் கழிந்ததும் தொடங்கினால் நல்லது. பிந்தினால் கச்சான் எனும் மேல்காற்றில் சுண்ணாம்பு சட்டென்று காய்ந்து வெடித்துவிடும். எப்படியும் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். மேல்வாயில் மழை இறங்காமல், சுவரைத் தொடாத தனிக் கால்களில் ஒரு கூரை போதும்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கறுப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பூசினாற்போல் செங்கல் மின்னினால், அது சாம்பலும் செங்கல் மண்ணும் உருகி உறைந்தது. அதைச் சுரண்ட வேண்டாம். அந்தக் காளவாய் எரிந்ததற்கு அதுதான் சாட்சி. அடிவாயில் கிடக்கும் பழைய சுண்ணாம்பை அள்ளும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் விழுந்தால் பொசுக்கிவிடும்.

பக்கத்தில் பவளக்கல் குவியல் கிடந்தால் விற்கவோ ஏற்றி அனுப்பவோ கூடாது. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், செங்கலும் சேர்ந்து வரும். தண்டை அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளுங்கள்.