வக்கீல் அலுவலகத்துக்குக் கண்ணாடி கேபின் சரிவருமா?

கேள்வி: பாரிமுனை தம்புச்செட்டித் தெருவில், பழைய கட்டடத்தின் முதல் மாடியில் 550 சதுர அடி வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை, 13 அடி உயரம். நான், இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. குடும்ப வழக்குகள்தான் அதிகம். பால்ஸ் சீலிங் அடித்து, எனக்கு ஒரு கண்ணாடி கேபின் போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா மேடம்?
- ஒரு பெண் வழக்கறிஞர், சென்னை-1

பதில்: கண்ணாடி கேபின் உங்களுக்கு வேண்டாம்மா. குடும்ப வழக்குக்கு வரும் பெண் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அப்பாவோ அண்ணனோ கூடவே வருவார்கள். அவர்களிடம் சொல்ல முடியாததையும் அவள் உங்களிடம் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவள் எப்படி வாய் திறப்பாள்? ஜிப்சம் தடுப்பே போடுங்கள். இரண்டு பக்கமும் இரட்டைப் பலகை, நடுவில் சத்தத்தை அடக்கும் ராக்வுல் என்ற கல்நார்ப் பஞ்சு. வெளிச்சம் வேண்டுமென்றால் 7 அடிக்கு மேல் மட்டும் திறக்க முடியாத கண்ணாடி வையுங்கள்.

பால்ஸ் சீலிங் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 9 அடியில் சீலிங் அடிப்பார்கள், தடுப்பும் அதோடு நின்றுவிடும். உள்ளே பேசுவதெல்லாம் மேலே இருக்கும் 4 அடி வெற்றிடம் வழியாக வெளி பெஞ்சில் இருப்பவர் காதுக்கு அப்படியே போகும். தடுப்பு கூரை வரை போக வேண்டும். உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் என்பதால், தேக்கு உத்திரங்களுக்கு இடையே உள்ள சந்துகளையும் ஒவ்வொன்றாக அடைக்கச் சொல்லுங்கள். சீலிங்கே இல்லாமல் விடுவது இன்னும் நல்லது. ஐப்பசி மழையில் எங்கே ஒழுகுகிறது, எந்த உத்திரத்தில் கரையான் ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்தச் செங்கல் வரிசையும் தேக்கும் இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத அழகு, அதை மூட எனக்கு மனசு வரவில்லை.

கதவு உள்ளீடற்றதாக இருந்தால் இவ்வளவு செய்தும் வீண். கெட்டியான பிளஷ் டோர் போட்டு, சுற்றிலும் ரப்பர் பீடிங் ஒட்டி, அடியில் உள்ள இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். கட்சிக்காரர் நாற்காலி கதவுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். கதவு திறந்தாலும் அழுத முகம் வெளியே தெரியாது.

ரேக்குகளை நடு அறையில் நிறுத்தாதீர்கள். உங்கள் தரையும் உத்திரத்தின் மேல் நிற்பதுதான்; சட்டப் புத்தகங்களின் பாரம் சாமானியமல்ல. உத்திரம் வந்து உட்காரும் கனத்த சுவரை ஒட்டி வையுங்கள். லீகல் சைஸ் தாளே 14 அங்குல நீளம் என்பதால், கேஸ் கட்டு வைக்கும் தட்டுக்கு 15 அங்குல ஆழம் வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்களுக்கு இன்னும் பழைய ஐ.பி.சி. என்ற இந்திய தண்டனைச் சட்டம்தான். அதையும் அதன் இடத்தில் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவையும் ஜூனியர்களின் கைக்கெட்டும் தட்டிலேயே சேர்த்து வையுங்கள்.

பெயர்ப் பலகை சிறிதாக இருக்கட்டும். இன்ன வகை வழக்கில் நிபுணர் என்று அதில் போடுவதை பார் கவுன்சில் விதி 36 அனுமதிக்காது. பெயரும் ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லும் போதும்.