கணக்குப் படித்த பெண் நூலகத்தில் என்ன செய்வாள்?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போன வாரம் மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்த முந்திரி வியாபாரி ஐயாவுக்கு வணக்கம்.

அன்றைக்கு வெளியே இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததால் பாதிப் பேச்சில் எழுந்துகொண்டோம். மீதியை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை, கவலை வேண்டாம்.

நீங்கள் கேட்டது இதுதான்: "பி.எஸ்சி. கணக்கு நல்ல மார்க்கோட முடிச்சிருக்கு மேடம். பி.எட். போட்டா டீச்சர் ஆயிடும். இது லைப்ரரி படிப்பு படிக்கிறேன்னு நிக்குது. போன்லயே எல்லாம் வர்ற காலத்துல லைப்ரரிக்கு யாரு போறா? புத்தகம் அடுக்கி வைக்கவா மூணு வருஷம் கணக்குப் படிக்க வச்சேன்?"

உங்கள் மகள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "அடுக்குற வேலை இல்லப்பா." வேறு என்ன வேலை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு பழைய கதை. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். போன சில நாளிலேயே சலித்துப்போய், பழைய வேலையே போதும் என்று கல்லூரி முதல்வரிடம் வந்து நின்றார். லண்டன் போய் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்று அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தவர், கணக்குப் போட்ட மூளையை வைத்துப் புத்தகங்களைப் பகுப்பதற்கு ஒரு முறையையே உண்டாக்கினார். இந்தியாவில் நூலக அறிவியல் என்று ஒரு படிப்பு வேரூன்றியதே அவரால்தான். ஆகவே கணக்குப் படித்துவிட்டு நூலகத்துக்குப் போவது நம் பக்கத்தில் நூறு வருடப் பழக்கம்.

சரி, இப்போதைய வேலைக்கு வருவோம். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் உறவில் ஒரு பெண் பிஎச்.டி. செய்கிறாள். அவளுக்கு ஒரு மின்னஞ்சல். "மதிப்புக்குரிய ஆய்வாளரே, உங்கள் கட்டுரையைக் கண்டு வியந்தோம், ஐந்தே நாளில் எங்கள் சர்வதேச இதழில் வெளியிடுகிறோம், இத்தனை ஆயிரம் கட்டினால் போதும்." இதற்கு முன்பு ஒருமுறை இப்படிக் கட்டி ஏமாந்தவள். கட்டுரை வந்தது, ஆனால் அவள் துறையில் அதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை பயந்துபோய் நூலகத்துக்கு ஓடினாள். நானும் துணைக்குப் போனேன்.

அங்கே உதவி நூலகர் ஒரு பெண்மணி. மின்னஞ்சலில் இருந்த இணைப்பை அவர் தொடவே இல்லை. ஒவ்வொரு இதழுக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை மட்டும் தனியாக எடுத்து, அந்த எண்களைப் பதிவு செய்யும் தளத்தில் போட்டுப் பார்த்தார். எண் உண்மைதான், ஆனால் அது வேறொரு நாட்டில் வரும் வேறொரு இதழுடையது. அதன் பெயரையும் எண்ணையும் திருடி ஒரு போலித் தளம் கட்டியிருந்தார்கள். "ஸ்கோபஸில் இருக்கிறோம்" என்று போலித் தளம் சொன்னதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்கும் ஒரு தரவுத்தளம், அதன் சொந்தப் பட்டியலுக்கே போய்த் தேடினார். அப்புறம் ஆசிரியர் குழுவில் போட்டிருந்த பேராசிரியரின் பெயரை அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடினார். அப்படி ஒருவர் அங்கே இல்லை. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நீங்கள் மூட்டை வாங்கும்போது மேலே தெரிகிற பருப்பை நம்புவீர்களா ஐயா? கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பீர்கள், முழுப் பருப்பு எவ்வளவு, பிளவு எவ்வளவு, குருணை எவ்வளவு என்று. அந்தப் பெண்மணி செய்தது அதே வேலைதான்.

இந்த வேலை இனி கூடத்தான் செய்யும். ஒரு காலம் வரை பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, நல்ல ஆய்விதழ்களுக்கு 'கேர்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் இருக்கிற இதழ் என்றால் ஏற்கலாம் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டார்கள். எது நல்ல இதழ் என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர் வளாகத்தில் யார்? எனக்குத் தெரிந்து, பெரும்பாலும் நூலகர்தான்.

அடுத்தது எழுத்துத் திருட்டுச் சோதனை. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் அதில் எவ்வளவு பிறருடைய எழுத்து என்று மென்பொருளில் போட்டுப் பார்க்க வேண்டும். 2018-இல் வந்த யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நாலைந்து வருட உழைப்பு அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துணைநூல் பட்டியல், முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, சட்ட வாசகங்கள், சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர் இதெல்லாம் கணக்கில் சேராது என்று அதே விதி சொல்கிறது. முதலில் 34 என்று வந்த அறிக்கை இவற்றைக் கழித்தபின் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதும் உண்டு. கழித்தும் இறங்காமல் நிற்பதும் உண்டு. அப்போது அழும் மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பத்தியைச் சொந்த நடையில் எழுத வேண்டும் என்று காட்டுவதும் நூலகர் பாடுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. பையன்கள் அதனிடம் "பத்து ஆதாரக் கட்டுரை கொடு" என்று கேட்கிறார்கள். அதுவும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அழகாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அந்தத் தாளைக் கொண்டுவந்து "இந்தக் கட்டுரையை எடுத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். தேடினால் அப்படி ஒரு கட்டுரை உலகத்தில் எழுதப்படவே இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதியாகச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் தலைவலி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் எஸ். கவிதா, அடுத்ததில் கவிதா எஸ்., மூன்றாவதில் கல்யாணத்துக்கு அப்புறம் வேறு இனிஷியல். கணினி இவரை மூன்று பேர் என்று எண்ணிக்கொள்ளும். பதவி உயர்வுக்குக் கட்டுரைக் கணக்குக் காட்டும்போது பாதி காணாமல் போயிருக்கும். இதற்காகவே ஆய்வாளருக்கு வாழ்நாள் முழுக்க மாறாத 16 இலக்க எண் ஒன்று இருக்கிறது, ஆர்கிட் என்பார்கள். துறை துறையாகப் போய் அதை வாங்க வைத்து, பழைய கட்டுரைகளை அதோடு கோத்துக் கொடுப்பதும் இப்போது பல நூலகங்களில் நடக்கிறது.

"போன்லயே எல்லாம் வருது" என்றீர்களே, அதற்கும் ஒரு பதில். போனில் வருவது இலவசமாக வருவதில்லை. ஆய்விதழ்களுக்குச் சந்தா யானை விலை. ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை ஒன்றிய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. நாடு முழுவதும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளமும் அவர்களுடையதுதான். ஒரு காலத்தில் பெரிய பல்கலைக்கழகத்து மாணவன் மட்டும் படித்த இதழை இன்று மாவட்டத்து அரசுக் கல்லூரி மாணவனும் திறக்கலாம். ஆனால் கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. கூட்டிப் போய்க் காட்ட ஆள் வேண்டும். தனியார் கல்லூரிகள் இந்தத் திட்டத்துக்குள் வரவில்லை. அங்கே இருக்கும் நூலகருக்கு, காசில்லாமல் முறையாகக் கிடைக்கும் கட்டுரைகள் எங்கே இருக்கின்றன என்கிற அறிவுதான் மூலதனம்.

உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் இரண்டு இடங்கள் கிட்டத்தில் இருக்கின்றன. நம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். இரண்டிலும் நூலக அறிவியல் துறை உண்டு. காலாப்பட்டு நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயரை வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு அன்றாடம் நடந்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்த மனிதர். ஆவணம் என்றால் என்ன என்று அறிந்தவர் பெயர் நூலகத்துக்கு வாய்த்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

புதுவையில் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இந்தத் தொழில் உண்டு. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுவையில் இருக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஓலைச்சுவடியைப் படம் பிடித்துவிட்டால் வேலை முடியாது. எந்த நூல், எந்த எழுத்து, எங்கே கிடைத்தது, எத்தனை ஏடு என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதினால்தான் ஜெர்மனியில் இருப்பவர் தேடினாலும் கிடைக்கும். அப்புறம், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்து, பிழை பார்த்து அனுப்பும் நிறுவனங்கள் புதுவையிலும் சென்னையிலும் நெடுநாளாக இருக்கின்றன. நூலக அறிவியல் படித்தவர்கள் அங்கேயும் உட்காரலாம்.

இனி உங்களுக்குக் கசக்கும் பகுதி. மறைத்தால் நான் ஆலோசகராக இருப்பதில் அர்த்தமில்லை. பல்கலைக்கழகத்தில் உதவி நூலகர் வேலை உதவிப் பேராசிரியருக்குச் சமமான நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட பணியிடம் கைவிரலில் எண்ணும் அளவுதான், ஒருவர் ஓய்வு பெற்றாலும் அந்த இடத்தை உடனே நிரப்புவார்கள் என்று சொல்ல முடியாது. கேந்திரிய வித்யாலயாவில் நூலகருக்கு 44,900-இல் தொடங்கும். அங்கேயும் அறிவிப்பு வரும்போதுதான் வரும். டி.என்.பி.எஸ்.சி.யும் தேர்வு வைத்து நூலகப் பணிக்கு ஆள் எடுக்கிறது, அதையும் எப்போதும் எதிர்பார்க்க முடியாது. தனியார் கல்லூரிகளில் வேலை கிடைக்கும், சம்பளத்தைக் கல்யாணப் பேச்சில் சொல்லத் தயங்குவீர்கள். சில இடங்களில் அதே நூலகரை அட்மிஷன் நேரத்தில் பள்ளி பள்ளியாகப் பிள்ளை பிடிக்கவும் அனுப்புகிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், ஆனால் நடக்கிறது.

அதனால் நான் 'கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்' என்று சொல்ல மாட்டேன். கல்லூரி, பல்கலைக்கழகப் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டை மனதில் வைத்துச் சேரட்டும். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் (ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50). வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வு. நல்ல இடம் பிடித்தால் ஆய்வு உதவித்தொகையே மாதம் 37,000 ரூபாய். படிக்கிற இரண்டு வருடத்தில் நூலக நிர்வாகத்துக்கான கோஹா, ஆய்வேடுகளைச் சேமித்து வைக்கும் டிஸ்பேஸ் இரண்டையும் கையால் நிறுவிப் பார்க்கட்டும். இரண்டும் இலவச மென்பொருள், வீட்டுக் கணினியே போதும். கொஞ்சம் பைத்தான் என்கிற நிரல்மொழி, கொஞ்சம் புள்ளியியல். ஒரு துறையில் எந்தக் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்று அளக்கும் வேலைக்குக் கணக்குப் படித்தவள் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டாள்.

இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம். புத்தகம் படிக்கப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். நூலகரின் நாள் மற்றவர் ஆராய்ச்சிக்கே போய்விடும். தேடித் துருவிப் பார்ப்பதில் உங்கள் மகளுக்கு ருசி இருக்கிறதா? எனக்கு இருப்பதாகத்தான் தெரிகிறது. அன்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என் மேசையில் கிடந்த கல்லூரி விளம்பரத் தாளைப் புரட்டியவள், அதில் ஒரு அங்கீகாரத்தின் காலம் முடிந்துபோயிருப்பதை எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது. காலாப்பட்டில் இரண்டாண்டு முதுகலைக்கு எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம். அதற்கு முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பி.ஜி. எழுத வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரியில், தேர்வு மார்ச் வாக்கில். அதற்குள் ஒரு வேலை நாளில் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள், காலாப்பட்டு வரை நானும் வருகிறேன். புத்தக அலமாரிப் பக்கம் போக வேண்டாம். ஆய்வு மாணவர்கள் வந்து கேள்வி கேட்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

வருவதற்கு முன் ஒரு வேலை. இ-சேவை மையத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கு உரியது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. அவர்கள் படிவத்தில், வருமான வரம்புக்குள் இருக்கிறீர்கள் என்று தாசில்தார் தந்ததுதான் வேண்டும். போன வருடம் ஒரு பிள்ளைக்கு இதனால்தான் இடம் போனது.