பாடலைப் பிரித்துப் பழகலாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிடார் பழகுகிறேன். செயலியில் பாடலைப் பிரித்தால் குரல், டிரம்ஸ், பேஸ் தனித்தனியாக வந்துவிடுகின்றன. கிடார் மட்டும் ‘மற்றவை’ டிராக்கில் கீபோர்டு, வயலின்களோடு கலந்து கிடக்கிறது. தனியே எடுக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். பிரிப்பு நிரல்கள் பல, பாடலை இயல்பாக நான்காகத்தான் வெட்டும். டீசர் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டரில் ஐந்து பங்கு வரை உண்டு, ஆனால் ஐந்தாவது பியானோ, உங்களுக்கு உதவாது. மெட்டாவின் டீமக்ஸில் கிடாரும் பியானோவும் சேர்ந்த ஆறு பங்கு வகை இருக்கிறது. அதில் கிடார் பரவாயில்லை, பியானோ சுமார்தான். உங்கள் செயலியின் அமைப்பில் ‘கிடார்’ என்ற தேர்வு இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

இல்லையென்றாலும் ஒரு வழி உண்டு. ஸ்டீரியோ பதிவுகளில் ரிதம் கிடாரைப் பெரும்பாலும் இடது அல்லது வலது ஓரத்தில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ‘மற்றவை’ டிராக்கை மட்டும் ஓடவிட்டு, ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றிக் கேளுங்கள். பிறகு மறு காது. கிடார் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ, போனின் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அமைப்பில் உள்ள இடது–வலது சமநிலைக் கோட்டை அந்தப் பக்கமே முழுதாகத் தள்ளிவிடுங்கள். மறு பக்கத்தில் இருக்கும் கருவிகள் கரைந்துவிடும். அங்கேயே ‘மோனோ ஆடியோ’ அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்துவிடும், ஓடிக்கொண்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது.

கேள்வி: குரலை நீக்கினால் சிம்பல் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் கொழகொழக்கிறது. பாடகரின் எதிரொலியும் பேய்போல் மிச்சம் நிற்கிறது. செயலி மோசமா?

பதில்: கொடுத்த கோப்பைச் சந்தேகியுங்கள். எம்பி3 ஆக்கும்போது, உரத்த ஒலிக்கு அடியில் மறைந்திருக்கும் மெல்லிய ஒலிகளைக் காதுக்குத் தெரியாது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். நீங்கள் அந்த உரத்த குரலை அகற்றியதும், அடியில் இருந்த ஓட்டை வெளியே தெரிகிறது. 128 கேபிபிஎஸ் கோப்பில் இது அப்பட்டம். ஒலியில் எதையும் எறியாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பு கிடைத்தால் அதையே கொடுங்கள். ஏற்கெனவே பிரித்த டிராக்கை மறுபடி பிரிக்காதீர்கள். எதிரொலி விஷயம் வேறு: ரிவர்ப் வால், அதாவது குரல் நின்றபிறகும் தேய்ந்தபடி நீளும் எதிரொலி, மற்ற கருவிகளோடு கலந்துபோனது, எந்த நிரலும் அதை முழுதாகக் கூட்டி அள்ளாது.

பயிற்சிக்கு இதெல்லாம் பெரிய தொல்லையும் அல்ல. குரலைச் சுத்தமாக மியூட் செய்யாமல் 10–15 சதவீதத்தில் விட்டுவையுங்கள். அழுக்கும் மறையும், எந்த வரியில் இருக்கிறோம் என்பதும் தெரியும்.

கேள்வி: பாடலோடு என் கீபோர்டு கொஞ்சம் சுருதி விலகுகிறது. ஒரு செமிடோன் ஏற்றினாலும் சேரவில்லை, இறக்கினாலும் சேரவில்லை.

பதில்: டேப்பில் பதிவான பழைய பாடல்களில் இது சகஜம். டேப் ஒரு சதவீதம் வேகமாக ஓடியிருந்தாலே சுருதி 17 சென்ட் ஏறிவிடும் (ஒரு செமிடோனுக்கு நூறு சென்ட்). 3 சதவீதம் என்றால் 51 சென்ட், அதாவது அரை செமிடோன். இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்கும். செமிடோன் பொத்தானால் இதைச் சரிசெய்ய முடியாது. செயலியில் சென்ட் அளவில் நகர்த்தும் வசதி இருந்தால் பாடலை நகர்த்துங்கள். இல்லாவிட்டால் கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து மாற்றுங்கள்: மேலே சொன்ன ஒரு சதவீதத்துக்கு 444.4. பாடலின் முடிவில் நீண்டு நிற்கும் பேஸ் ஸ்வரத்தைத் தனியே ஓடவிட்டு அதோடு ஒத்துப் பார்ப்பது சுலபம். வாசித்து முடித்ததும் 440-க்குத் திருப்ப மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த பாடலில் செயலியைத் திட்டுவீர்கள்!

வேகத்தைக் குறைத்துப் பழகுவதானால் 70 சதவீதத்தில் தொடங்குங்கள். நான்கு பார் (தாளச் சுற்று) மட்டும் லூப் போட்டு, மூன்று முறை தொடர்ந்து தவறில்லாமல் வந்தால் 5 சதவீதம் ஏற்றுங்கள். 50-க்குக் கீழே இறங்கினால் டிரம்ஸின் அடி மழுங்கி, தாளம் எங்கே விழுகிறது என்றே தெரியாது.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் தாமதம் வருமாமே? வயருக்கு மாறவேண்டுமா?

பதில்: வயலின், மரபுக் கிடார் போன்றவற்றுக்கு வெறும் பயிற்சி என்றால் வேண்டாம். பாடல் தாமதமாக வந்தாலும், வந்ததைக் கேட்டுத்தானே வாசிக்கிறீர்கள்? உங்கள் கருவி நேரடியாகவே காதில் விழுகிறது. உங்கள் வாசிப்பைச் செயலியிலேயே பதிவு செய்தாலோ, கருவியின் ஒலியும் போன் வழியாக அதே ஹெட்போனுக்கு வந்தாலோதான் சிக்கல். அப்போது வயர் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: மிருதங்கம் எந்த டிராக்கில் போகும்?

பதில்: இரண்டாகப் பிளந்து போவதே வழக்கம். தொப்பியின் (இடப்பக்கத்தின்) கனத்த நாதத்தைப் பேஸ் என்று எண்ணி அங்கே தள்ளிவிடும். வலந்தலை (வலப்பக்கம்) டிரம்ஸில் விழும். தபலாவின் கனத்த பக்கமான பாயாவுக்கும் இதே கதிதான். மேற்கத்திய டிரம்ஸைக் கேட்டுப் பழகிய நிரல்கள், என்ன செய்ய! மிருதங்கம் கேட்கவேண்டுமானால் அந்த இரண்டு டிராக்கையும் சேர்த்தே வையுங்கள். நீங்கள் வாசிக்கவேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே குறையுங்கள்.