வட்டாரத்துக்கு அடுத்த உறுப்பினர் யார்?

கேள்வி: எங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினர் போன மாதம் காலமாகிவிட்டார். இடைத்தேர்தல் வருமாம், மகன் நிற்பாராம், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் சுயேச்சையாக இறங்குவாராம் என்று சந்தியில் ஒரே கதை. உங்கள் கணிப்பில் யார் வெல்வார்?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: ஐயா, அந்த இடைத்தேர்தல் வராது. பிரதேச சபையில் ஓர் இடம் வெற்றிடமானால், இறந்தவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சியின் செயலாளரிடம் தேர்தல் அலுவலர் பெயர் கேட்பார். சுயேச்சைக் குழு என்றால் குழுத் தலைவரிடம். கொடுத்த பெயர் வர்த்தமானியில் வரும், அவ்வளவுதான். நீங்கள் நேரே வாக்குப் போட்டு அனுப்பிய வட்டார உறுப்பினருக்கும் இதே முறைதான். ஆகவே அதிபர் ஐயாவுக்கு இப்போது வழியில்லை.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்சி வாங்கிய வாக்குக் கணக்கில், விகிதாசாரத்தில் கிடைத்த இடத்துக்குக் கட்சி ஆள் போடட்டும், சரி. வட்டார உறுப்பினரை ஊர்ச்சனம் முகம் பார்த்துத் தெரிவுசெய்தது. அந்த இடத்துக்கும் யாரோ ஒருவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து பெயர் எழுதிக் கொடுப்பது நியாயமா?

கணிப்புக் கேட்டீர்கள். போன தேர்தலில் இடம் கிடைக்காமல் காத்திருப்பவர் ஒருவர், கட்சித் தலைமைக்கு நெருக்கமானவர் ஒருவர். போட்டி இவர்களுக்குள்தான் இருக்கும். இரண்டு பேரும் உங்கள் வட்டாரத்தில் குடியிருக்காதவர்களாகவும் இருக்கலாம். அதனால் சந்தியில் கதைப்பதை விட்டுவிட்டு, சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் கூடுங்கள். கார்த்திகை மழைக்கு ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நின்றபோது, மதகை அடைத்த பிளாஸ்டிக் போத்தல்களையும் வாழைத்தடலையும் மண்வெட்டியோடு நின்று எடுப்பித்தவர் யார்? தெருவிளக்குக்காகச் சபைக்கு நடையாய் நடந்தவர் யார்? அவர் அந்தக் கட்சியின் வேட்புமனுவில் இருந்தவர் என்றால், அவர் பெயரைக் கடிதமாக எழுதி, எல்லோரும் கையொப்பம் வைத்து, செயலாளருக்கே அனுப்புங்கள். மாதர் சங்கத்தையும் கட்டாயம் கூப்பிடுங்கள். எந்த வீட்டுக் கிணறு எப்போது பழுதானது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இடைத்தேர்தலே நடந்ததில்லையா?
– மாணவி, கோப்பாய்

பதில்: ஏன் இல்லை, பிள்ளை! காங்கேசன்துறை இடைத்தேர்தலை உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். 1972 குடியரசு யாப்பை எதிர்த்து, அந்த வருடம் ஒக்டோபரில் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா (செல்வநாயகம்) தன் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார். மக்கள் யாப்பை ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்ப்போம் என்பது அவர் விட்ட சவால். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் தேர்தலை வைத்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். செல்வாவுக்கு 25,927 வாக்குகள், பொன்னம்பலத்துக்கு 9,457. யார் நிற்பார் என்று அங்கே எவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தொகுதி முழு இனத்துக்குமாக வாக்களித்த தேர்தல் அது. அப்படி ஒரு வாய்ப்பு இன்றைய முறையில் இல்லை என்பதே என் வருத்தம்.

கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினர் இடையில் விலகினால்?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அங்கேயும் இடைத்தேர்தல் இல்லை. அதே கட்சிப் பட்டியலில், வேட்பாளருக்கென்று தனியாக விழும் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே போவார். 2006 நவம்பரில் யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொல்லப்பட்டபோது ஸ்ரீகாந்தா வந்தது அப்படித்தான். இப்போதுள்ளவர்களுக்கு அடுத்தவர் யார் என்று அறிய வேண்டுமா? 2024 விருப்பு வாக்கு முடிவுகளை எடுத்துப் பாருங்கள், பெயர்கள் வரிசையாக இருக்கின்றன.