தொலைக்காட்சி வானிலைச் செய்தியில் வரும் 'வெப்பச்சலன மழை' என்றால் என்ன?

வெயிலில் சூடேறிய தரை தன்மேல் உள்ள ஈரக்காற்றையும் சூடாக்க, அக்காற்று மேலே எழுந்து, உயரத்தில் குளிர்ந்து, மேகமாகத் திரண்டு பொழிவதே வெப்பச்சலன மழை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மாலையில் இடியோடு கொட்டுவது பெரும்பாலும் இதுதான். பிற்பகலில் உள்ளே நுழையும் கடற்காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றோடு மோதும் இடத்தில் மேகங்கள் வேகமாக வளர்கின்றன. உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அவற்றைக் கடற்கரை நோக்கித் தள்ளுகிறது. வேலூர், அரக்கோணம் பக்கம் மாலையில் இடித்த மழை சென்னைக்கு வர இரவாகிவிடுவது அதனால்தான்.

உலைநீர் கொதிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் குமிழி எங்கே கிளம்பும் என்று சொல்ல முடியாது. இத்தகைய மேகம் சில கிலோமீட்டர் அகலமே கொண்டது என்பதால், தாம்பரம் நனையும்போது அம்பத்தூர் காய்ந்து கிடப்பது இயல்பே. (மாவட்டம் முழுவதற்கும் ஒரே மேகப் படத்தைத் திரையில் காட்டுவதுதான் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்பேன்.)

'ஓரிரு இடங்களில் மழை' என்று அறிவித்தும் தம் தெருவில் தூறாவிட்டால் கணிப்பு பொய்த்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் அத்தொடர், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மட்டுமே மழை பதிவாகும் என்பதையே குறிக்கிறது.