கேள்வி-பதில்: ரயில்கன் குழாய் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

வெடிமருந்தே இல்லாத மின்காந்தப் பீரங்கியான ரயில்கன்னில் தண்டவாளம் ஏன் தேய்கிறது?

வெடிமருந்து இல்லை, ஆனால் மின்னோட்டம் இருக்கிறதே! குழாய்க்குள் இருக்கும் இரண்டு தாமிரத் தண்டவாளங்களை உரசியபடி, அவற்றை மின்சாரத்தால் இணைத்துக் குண்டைத் தள்ளும் அலுமினியத் துண்டான ஆர்மேச்சர் ஓடுகிறது. பெரிய ரயில்கன்னில் அதன் வழியே சில மில்லி விநாடிகளுக்குப் பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல் பாயும். குழாயின் நீளத்தில் இடத்துக்கு இடம் சேதம் மாறும். தீர்வு கடினமாவது அதனால்தான்.

ஆர்மேச்சர் வேகம் பிடிக்காத பின்பகுதியில், சூடு ஒரே இடத்தில் தேங்குகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். தாமிரம் 1,085 வரை தாங்கும். அப்படியும் தாமிரம் தப்புவதில்லை. இரண்டும் சேர்ந்தால் 548 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டு என்பதால், உருகிய அலுமினியம் தாமிரத்தைக் கரைத்து இழுத்துப் போகிறது. மின்னோட்டம் செறியும் ஓரங்களில் நீள வாய்க்கால் விழும்.

விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி, கண்ணீர்த்துளி வடிவப் பள்ளங்கள் தோன்றத் தொடங்கும். நியூ மெக்ஸிகோவின் ஹாலோமன் விமானப்படைத் தளத்தில், மின்சாரமே பாயாத ராக்கெட் வண்டிப் பாதையிலும் இதே தழும்புகள் உண்டு. ஆக, இது அதிவேக மோதலின் விளைவு.

குண்டு வெளியேறும் வாய்ப்பக்கத்தில், ஆர்மேச்சருக்கும் தண்டவாளத்துக்கும் தொடர்பு விட்டுப்போய் மின்பொறி மூள்கிறது. ஓர் ஆம்பியருக்கு ஒரு கிராம் அழுத்தம் வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் மார்ஷல் விதி. பத்து லட்சம் ஆம்பியருக்கு ஒரு டன்! தேய்ந்து அகன்ற குழாயில் அந்த அழுத்தம் கிடைக்காது. பொறி மூண்ட இடம் கருகி, அடுத்த சுடுதலில் இன்னும் மோசமாகும்.

டங்ஸ்டன் போட்டால் தீராதா?

தீராது. அதன் மின்தடை தாமிரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எளிதில் விரிசலும் விடும். மேலே கடினப் பூச்சு கொடுத்தாலும், இரு உலோகங்களும் சூட்டில் வெவ்வேறு அளவு விரிவதால் உரிந்துவிடலாம். குரோமியம்-ஜிர்கோனியம் கலந்த தாமிரமோ, நுண்ணிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள் உள்ளே பரவிய தாமிரமோ மேல்: மின்சாரத்தையும் கடத்தும், சூட்டிலும் மென்மையாகிவிடாது. தண்டவாளம் கடினமாக இருந்தால் பள்ளம் விழத் தொடங்கும் வேகமும் உயரும்.

அமெரிக்கா ரயில்கன் திட்டத்தைக் கைவிட்டது இதனால்தானா?

இதுவும் ஒரு காரணம். 2010 டிசம்பரில் வர்ஜீனியாவின் டால்கிரனில் 33 மெகாஜூல் ஆற்றலுடன் சுட்டார்கள். 2021-இல் பணி நின்றது. ஒருமுறை சுடுவதைவிடத் திரும்பத் திரும்பச் சுடுவதுதான் பெரிய சவால். ஜப்பான் 2023-இல் கப்பலிலிருந்து சுட்டுப் பார்த்தது.

சோதனைக்கூடத்தில் சுட்டபின் குழாயின் உள் அகலத்தை நீளவாக்கில் பல இடங்களில் அளக்க வேண்டும். ஒட்டிய அலுமினியத்தைச் சுரண்டும்போது, தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள மின்காப்புப் பலகையை மறக்கக் கூடாது. அங்கே படிந்த உலோகப் படலம் அடுத்த சுடுதலில் மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி ஆகிவிடும்.